மூன்றாவது தடவையும் எழுதி மருத்துவம் பார்க்கவா, இந்த வருடமே பேராதனைக்கு மிருக வைத்தியம் படிக்கப் போகவா?

கொட்டகலைத் தங்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பேசிப் பேசி எனக்குத் தலை சுற்றுகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம், நுவரெலியா மாவட்டம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். உயர்தரம் உயிரியல் பிரிவு இரண்டாவது தடவை எழுதிப் பெறுபேறு வந்துவிட்டது. போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டால் எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவம் கொஞ்சத்தில் தவறுகிறது, மிருக வைத்தியத்துக்கு என் புள்ளி போதும் போலிருக்கிறது. விண்ணப்பம் போட இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

கொழும்பில் இருக்கும் மாமா மூன்றாவது தடவை எழுது, டியூஷன் காசு நான் தருகிறேன் என்கிறார். மிருக வைத்தியம் என்பது விவசாயப் படிப்பில் ஒரு துண்டு, அதற்குத் தனி மதிப்பு இல்லை என்பது அவர் எண்ணம். அம்மா "மாட்டுக்கு ஊசி போடவா இத்தனை வருஷம் படிச்ச?" என்று கேட்டார், அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. போன வருடம் எங்கள் பெரிய மாடு கன்று போட்ட மறுநாள் இரவு படுத்தது எழும்பவில்லை. டாக்டர் வந்தார், நல்ல மனிதர், ஆனால் சிங்களத்தில்தான் பேசினார். எப்போது கன்று போட்டது என்று அவர் கேட்டதை எத்தனையாவது கன்று என்று விளங்கிக்கொண்டு அப்பா "நாலு" என்றார். நான்கு நாள் ஆகிவிட்டதென்று நினைத்து டாக்டர் வேறு ஏதோ நோயைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே போய்ச் சொன்ன பிறகுதான் சரியான மருந்தை ஏற்றினார். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணித்தியாலத்தில் மாடு எழும்பி நின்றது. அந்த இரவு எனக்கு மறக்கவே இல்லை. ஆனால் ஒரு இரவை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு செய்யலாமா? அங்கே படித்தவர்கள், படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஹட்டன் உயிரியல் சேர்

மகள், முதலில் மாமாவின் பிழையைத் திருத்தி விடுவோம். பேராதனையில் மிருக வைத்தியத்துக்குத் தனிப் பீடம் இருக்கிறது. 1947இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பு பிறகு பேராதனைக்கு வந்து 1980இல் தனிப் பீடமானது. விவசாய பீடம் வேறு, இது வேறு. நாட்டுக்கே மிருக வைத்தியப் பட்டம் தருகிற இடம் இது ஒன்றுதான், அதனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதில் உனக்குப் புள்ளி போதும் என்றால் அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது அனுமதி முறை. பலருக்கு இதில் பாதிதான் தெரியும். அகில இலங்கைத் தரத்தில் 40 சதவீதம், மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி 55 சதவீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 சதவீதம். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டியும் மாத்தளையும் இல்லை. மாவட்டம் என்பது வீட்டு முகவரி இல்லை, பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்பதுதான் கணக்கு. சாதாரண தரம் முடிந்த கையோடு கண்டியிலோ கொழும்பிலோ பெரிய பள்ளிக்கூடம் என்று பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெற்றோரிடம் நான் வருடா வருடம் இதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்துப் பெறுபேறு வரும்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. இதை வாசிக்கிற பதினோராம் ஆண்டுப் பெற்றோர் யாராவது இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

மூன்றாவது தடவை பற்றி. அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்பது உன் மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பது. நீ கூடுதலாகப் படித்து மதிப்பெண் ஏறினாலும், அந்த வருடம் எல்லோரும் நன்றாக எழுதியிருந்தால் இசட் அதே இடத்தில் நிற்கலாம். என் அனுபவத்தில் மூன்றாவது தடவை ஏறியவர்களுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. ஒருத்திக்கு இரண்டாவது தடவை பரீட்சை நேரத்தில் டெங்கு, இன்னொருவனுக்குப் பௌதிகவியல் மட்டும் விழுந்திருந்தது. உனக்கு அப்படி என்ன காரணம்? மூன்று பாடத்தின் பெறுபேற்றையும் எழுது, பார்ப்போம்.

ராகலை அப்பா

சேர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நான் ஒரு தகப்பனாகப் பேசுகிறேன். என் மகன் மூன்றாவது தடவைதான் மருத்துவத்துக்குப் போனான். அந்த ஒரு வருடம் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், பேர் போட்டு, அதாவது தோட்டத்தில் நாள் கணக்கில் வேலை செய்து, வாங்கிய காசு முழுக்க கண்டி டியூஷனுக்கும் அறை வாடகைக்கும் போனது. ஆனாலும் அவன் வெள்ளைக் கோட்டுப் போட்ட அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பன்னிரண்டு வீட்டுக்காரரும் அழுதார்கள். அந்த மரியாதை மாட்டு டாக்டருக்குக் கிடைக்குமா? அதுவும் பெண் பிள்ளை. இரவு இரண்டு மணிக்குப் பட்டியில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று கூப்பிட்டால், மழையில், பனியில், தெரியாத தோட்டத்துக்குத் தனியாகப் போவாளா? மகள், பயம் காட்டச் சொல்லவில்லை. கொஞ்சத்தில் தவறியது என்றால் இன்னும் ஒரு முயற்சி செய்யலாம்.

பீடத்து மூன்றாம் வருடம்

தங்கச்சி, நான் பண்டாரவளைப் பக்கம், இப்போது அங்கேதான் படிக்கிறேன். நானும் மருத்துவத்தை முதலாவதாகவும் இதை மூன்றாவதாகவும் போட்டு வந்தவன்தான். முதல் ஆறு மாதம் நொந்துகொண்டுதான் இருந்தேன், அதை மறைக்கவில்லை.

கஷ்டமான விஷயம் ஆங்கிலம். எல்லாம் ஆங்கில மொழிமூலம். நாங்கள் தமிழில் தோட்பட்டை என்பு, தொடை என்பு என்று படித்துவிட்டுப் போகிறோம், அங்கே முதல் வாரமே ஸ்கபியூலா, ஃபீமர், அதுவும் நாய்க்கு ஒரு மாதிரி, மாட்டுக்கு ஒரு மாதிரி, குதிரைக்கு ஒரு மாதிரி. மனித மருத்துவம் படிக்கிறவருக்கு ஒரே ஒரு உடம்பு. எங்களுக்கு மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய், பூனை, அதற்கு மேல் யானை வரை. மாட்டுக்குக் கொடுக்கிற மருந்து சில பூனையைக் கொன்றுவிடும். ஆகவே இது சுலபமான படிப்பு என்று நினைத்து யாரும் வராதீர்கள். கிடைத்த இந்த மாதங்களில் உயிரியல் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு தடவை வாசி, எங்கள் பெச்சில் தடுமாறியவர்களுக்கும் தடுமாறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அநேகமாக அதுதான்.

செலவைப் பற்றி அப்பா யோசிப்பார். அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஒரு கல்வி நிதியம் புலமைப்பரிசில் தருகிறது, அம்மா கொழுந்து எடுக்கிறார் என்கிறாய், கட்டாயம் போடு, எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு வந்தால் கண்டி பஸ் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையைத் தாண்டித்தான் போகும், வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, இருந்தும் பயம் இருப்பது இயல்பு. ஏதாவது நடந்தால் மறைக்காமல் சொல்ல ஆள் இருக்கிறோம்.

குண்டசாலை

நான் டாக்டர் இல்லை. குண்டசாலை கால்நடை வளர்ப்புப் பாடசாலையில் டிப்ளோமா முடித்துக் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். மாட்டுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்துவது, தடுப்பூசி, பட்டி கட்ட ஆலோசனை, புல் வளர்ப்பு இதெல்லாம் எங்கள் வேலை. நல்ல வேலை, மனத்துக்குப் பிடித்த வேலை. ஆனால் அறுவைச் சிகிச்சை செய்ய, மருந்து எழுத எங்களால் முடியாது, அது பதிவு பெற்ற மிருக வைத்தியருக்குத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால் "மிருகம் சம்பந்தப்பட்ட படிப்பு" என்ற பெயரில் பல பாடநெறி இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸவில் விலங்கு விஞ்ஞானம் இருக்கிறது, பேராதனை விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானமும் மீன்பிடியும் இருக்கிறது. எல்லாம் நல்ல பட்டம், ஆனால் படித்து முடித்தால் மிருக வைத்தியர் ஆக முடியாது. விண்ணப்பத்தில் பெயர்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டு இலக்கத்தையும் சரிபார்த்துப் போடு.

சென்னை போய் வந்தவன்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புள்ளி குறைந்த பிள்ளைகள் அடுத்து இதைத்தான் யோசிப்பார்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கலாம், சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது, பெயர் பெற்ற இடம். படிப்பு ஒரு வருட உள்ளகப் பயிற்சியோடு ஐந்தரை வருடம். எனக்கும் அந்த ஆசை. ஒரு முகவர் இடம் உறுதி என்று சொல்லி முற்பணம் வாங்கினார், கடைசியில் அனுமதியும் இல்லை, காசும் முழுதாகத் திரும்பவில்லை. அம்மாவின் நகை அது. வெளிநாட்டவருக்கான இடங்களுக்குப் பல்கலைக்கழகத்திடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே எங்கே படித்தாலும், இங்கே வந்து வேலை செய்ய இலங்கை மிருக வைத்தியச் சபையில் பதிய வேண்டும். அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று ஒரு சதம் கட்டுவதற்கு முன் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். தங்கச்சி, உனக்கு வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. எனக்கு அது கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாட்டு டாக்டரம்மா

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், வேலை முடிந்து வந்து இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. நான் மலையகத்தில் ஒரு பிரிவில் அரச மிருக வைத்தியர். லயத்தில் பிறந்தவள்தான். ராகலை ஐயா கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அப்பாவும் அதே கேள்வியைக் கேட்டார்.

ஐயா, இரவு அழைப்பு வரும், உண்மை. நான் தனியாகப் போவதில்லை. மாட்டுக்காரர் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், அநேகமாக அந்த வீட்டுப் பெண்கள்தான் கூட நிற்பார்கள், ஏனென்றால் மலையகத்தில் மாட்டைப் பார்ப்பதே பெண்கள்தான். புல் அறுப்பது அவர்கள், பால் கறப்பது அவர்கள். மாட்டுக்கு மடியில் என்ன, கர்ப்பப்பையில் என்ன என்பதை ஒரு ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் தாமதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வாசலிலேயே எல்லாம் கொட்டிவிடுகிறார்கள். நச்சுக்கொடி விழவில்லை, வாடை அடிக்கிறது, காலையிலிருந்து முக்குகிறது என்று. பாதி நோயை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

பலம் வேண்டும் என்பார்கள். கன்று திரும்பிக் கிடக்கும்போது இழுத்துப் பிடுங்குவதற்குப் பலம் உதவாது, தாயைக் கிழித்துவிடும். மாடு முக்குவதை நிறுத்துகிற இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி, காலை மடக்கி எடுத்துக் கயிறு கட்டி, அது முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். என் கை மெலிந்த கை, எனக்கு அதனால் நன்மைதான்.

தங்கச்சி, நீ பார்த்தது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்து போகும். கன்று போட்டு மூன்று நாளுக்குள் வரும், நன்றாகப் பால் கறக்கிற மாட்டுக்குத்தான் அதிகம் வரும், இரத்தத்தில் உள்ள கால்சியம் பாலோடு இறங்கிவிடும். கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்திருக்குமே? கால்சியத்தை இரத்த நாளத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும், ஒரு கையால் போத்தலைப் பிடித்துக்கொண்டே இதயத்தைக் கேட்க வேண்டும், அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். முதலில் தசை நடுங்கும், ஏப்பம் விடும், சாணம் போடும், அப்புறம் எழும்பும். உன் அப்பா "நாலு" என்று சொன்ன இடத்தில் என்ன நடந்திருக்கலாம் என்று யோசித்துப் பார். கன்று போட்டு நாலு நாள் என்றால் பால் காய்ச்சலை முதலாவதாக நினைக்கத் தோன்றாது. அந்த டாக்டர் மேல் குற்றமில்லை, அப்பா மேலும் குற்றமில்லை. இடையில் மொழி தெரிந்த ஒருத்தி நின்றாள், மாடு பிழைத்தது. நீ இல்லாத பட்டிகள் எத்தனை என்று நினைக்கிறாய்? நான் வேலை செய்த இடங்களில் எல்லாம் தோட்டத்து ஆட்கள் முதலில் கேட்பது "டாக்டர் தமிழா?" என்றுதான். அதற்காக ஒருநாளும் நான் சிங்கள வீட்டு மாட்டைக் குறைவாகப் பார்த்ததில்லை, சொல்ல வருவது அதுவல்ல. ஒரு குடும்பத்தின் மாத வருமானமே மூன்று மாட்டில் நிற்கிறபோது, அந்த வீட்டம்மா தன் மொழியில் டாக்டரிடம் பேச முடிவது ஒரு மருந்து மாதிரி.

மாடு மட்டுமில்லை. விசர்நாய்க்கடி தடுப்பூசி, கால்-வாய் நோய் பரவும்போது கட்டுப்படுத்துவது, இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதா என்று பார்ப்பது எல்லாம் எங்கள் கையில். கன்னொருவையில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வனஜீவராசிகள் பக்கமும் போகலாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவை வரை கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. நம் தேயிலை மலைகளுக்குள் சிறுத்தை வாழ்கிறது, சுருக்கு வைக்கிறவர்களோடும் அதைக் கண்டு பயப்படுகிறவர்களோடும் தமிழில் பேசத் தெரிந்த வைத்தியர் இந்த மலைக்குத் தேவை.

கஷ்டத்தையும் சொல்கிறேன். நீ எவ்வளவு செய்தாலும் சில மாடு சாகும், வீட்டுக்காரர் முன்னால் நிற்கவே முடியாது. மருந்து வாங்கக் காசில்லை என்று சொல்வார்கள். மாடு உதைக்கும், எனக்கு முழங்காலில் இன்னும் வலி இருக்கிறது. எலிக்காய்ச்சல் மாதிரி மிருகத்திலிருந்து நமக்குத் தொற்றுகிற நோய்கள் இருக்கின்றன, கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. இதையெல்லாம் கேட்ட பிறகும் உனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வருகிறது என்றால் வா. மருத்துவம் கிடைக்காததால் வருகிறாய் என்றால் இன்னொரு தடவை யோசி, ஏனென்றால் மனசில்லாமல் வந்த சிலர் கடைசிவரை மிருகத்தின் பக்கத்தில் போகப் பிடிக்காமலே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நல்லதில்லை, அந்த மிருகத்துக்கும் நல்லதில்லை.

ராகலை அப்பா

டாக்டரம்மா, வாசித்தேன். பெண்கள்தான் மாட்டைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் வீட்டிலும் அவள்தான் பார்க்கிறாள். மருத்துவம் மருத்துவம்தான் என்ற என் எண்ணம் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பயப்படுத்திய பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கொட்டகலைத் தங்கச்சி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சேர், இரண்டு தடவையும் மூன்று பாடமும் ஏறக்குறைய ஒரே பெறுபேறுதான். நோயும் இல்லை, ஒரு பாடம் மட்டும் விழவும் இல்லை. நீங்கள் கேட்ட காரணம் என்னிடம் இல்லை.

நேற்று இரவு டாக்டரம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நச்சுக்கொடி என்ற இடத்தில் "ஆமா, நானும் அந்த டாக்டர்கிட்ட சொல்லல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேசினார்.

இன்னும் ஒரு கேள்வி. மருத்துவத்தை முதலாவதாகவும் இதை இரண்டாவதாகவும் போடவா, இல்லை இதையே முதலாவதாகப் போடவா?

ஹட்டன் உயிரியல் சேர்

விருப்ப வரிசைப்படிதான் தருவார்கள். மேலே இருப்பதற்குப் புள்ளி போதுமென்றால் அதுதான் கிடைக்கும், கீழே இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும். இந்த வருடம் மருத்துவத்துக்கு இறங்கினால் நீ போவாயா? போவேன் என்றால் அதை மேலே போடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டேன் என்றால் மிருக வைத்தியத்தை முதலாவதாகப் போடு. பல்மருத்துவத்தை எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காக இடையில் செருகாதே, அதுவே கிடைத்துவிடும். பிறகு, ஒரு பாடநெறிக்குப் பதிந்துவிட்டு மறுபடி எழுதி மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தப் பகுதியை வரிவரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வை.

மாட்டு டாக்டரம்மா

இரண்டு வாரம் இருக்கிறது அல்லவா? வரிசையை முடிவு செய்வதற்கு முன் உன் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய், ஒரு நாள் கூட நின்று பார்க்கலாமா என்று கேள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. செவ்வாய்க்கிழமை எனக்குத் தோட்டங்களில் சினை பார்க்கிற நாள், காலை ஏழுக்குக் கிளம்புவேன். அம்மாவையும் கூட்டி வா. முழங்கால் வரை வருகிற பூட்ஸ் இரண்டு சோடி என்னிடம் இருக்கிறது, பழைய சட்டை மட்டும் கொண்டு வந்தால் போதும்.

கொட்டகலைத் தங்கச்சி

அம்மாவிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் பேர் போனால் போகட்டும் என்கிறார். இருவரும் வருகிறோம் அக்கா.